ஆறிலிருந்து எட்டுவரை

“முட்டியை அமுக்காதீங்க, தொடைப் பக்கமாப் பிடிங்க” என்றார், பிணவறை வண்டியோடு வந்த இருவரில் மூத்தவர். மற்றவர் அண்ணனின் வலது காலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். கால் வருவதாக இல்லை. விடிகாலையில் எப்படி மடித்து வைத்தாரோ அப்படியே இருந்தது. முதுகு சுவரில் சாய்ந்திருக்க, கைகள் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்க, ஏதோ வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவர்போல் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

“விட்டுடுங்கப்பா, வருத்த வேண்டாம்” என்றார் டிக்கெட் பரிசோதகர். “உக்காந்தபடியே போயிருக்கார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது? உக்காந்தபடியே இருக்கட்டுமே.”

தங்கை ஒரு போர்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவருக்கு இடுப்பு வலி” என்றாள். “அஞ்சு வருஷமா இடுப்பு வலி. வெந்நீர்ப் பை வெச்சுக் குடுத்தவ நான். உங்க யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டார். இனிமேலாவது படுக்கட்டும். நீங்க நீட்டுங்க.”

டிக்கெட் பரிசோதகர் ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. இன்னமும் யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் போவது எதிராளியின் சட்டைப்பைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓரிடத்தில் கூடிக் கண்ணை மூடி உட்காரும் ஆறேழு பேருக்கு அவர் தலைவர் மாதிரி. தலைவர் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். “இங்க தலைவர்னு யாரும் இல்ல” என்பார். அதையும் அவர்தான் சொல்லவேண்டும், வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. காலையில் அண்ணனின் கைப்பேசியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த எண் அவருடையதுதான் என்று அவள் கூப்பிட்டுத் தொலைத்தாள். டாக்டர் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். கூடவே அந்த ஆறேழு பேரில் ஒருத்தியான நீச்சல் டீச்சர். குளத்திலிருந்து நேராக வந்திருப்பாள் போல, தலை ஈரம் காயவில்லை, மருந்துத் தண்ணீர் வாடை அடித்தது. இருவரும் சேர்ந்து, அண்ணனைத் தொடக் கூடாது, இது சாதாரண நிலை இல்லை, ஒருவேளை திரும்பி வந்தாலும் வருவார் என்று சொல்லி அவரைப் படுக்கவைக்க அவளை விடாமல் செய்தார்கள். அப்போதே படுக்கவைத்திருந்தால் கால் நீண்டிருக்கும். இப்போது பதினொரு மணி. மரம் மாதிரி ஆகிவிட்டது.

மூத்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, வலுக்கட்டாயமா நீட்டினா எலும்பு போயிடும். அங்க போய் மெதுவாத் தேய்ச்சு விட்டு இளக்கிக்கறோம். இன்னொண்ணு, இந்த லிஃப்டுல எங்க ஸ்ட்ரெச்சர் நுழையாது. படியும் வளைஞ்சு வளைஞ்சு போகுது, நாலு மாடி. கை வெச்ச நாற்காலி ஒண்ணு குடுங்க. உக்கார வெச்சே கொண்டு போயிடலாம்.”

“பாத்தீங்களா” என்றார் டிக்கெட் பரிசோதகர், நீச்சல் டீச்சரைப் பார்த்து. “படுக்க மாட்டேன்னுட்டார்.”

“அவர் ஒண்ணும் சொல்லல. லிஃப்ட் சின்னது” என்றாள் தங்கை. “ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆளைப் படுக்கவெச்சுக் கொண்டுபோக முடியாத லிஃப்டை எந்த மடையன் போட்டான்னு இருபது வருஷமா திட்டினவரே அவர்தான்.”

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அண்ணனை உட்காரவைத்து, மார்பிலும் இடுப்பிலும் பட்டை போட்டுக் கட்டினார்கள். அவள் கொண்டுவந்த போர்வையைக் கழுத்துவரை போர்த்தினாள். லிஃப்டில் நாற்காலிபோக இரண்டு பேருக்குத்தான் இடம். டிக்கெட் பரிசோதகர் முன்னால் வந்தார். அவள் அவரைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்தினாள்.

“என்ன வேலை பாத்தார்?” என்று கேட்டார் வண்டிக்காரர்.

“லிஃப்ட் மெக்கானிக். இதையும் அவர்தான் பாத்துக்கிட்டார்.”

அவர் நாலு பக்கச் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “நல்லா வெச்சிருக்கார். குலுக்கலே இல்ல” என்றார்.

அண்ணனிடம் அவளுக்கு ஒன்று சொல்லவேண்டியிருந்தது. நான்காவது மாடியிலிருந்து தரைக்கு வரும்வரை நாக்கு எழவில்லை. அண்ணனைத் திட்டித்தான் அவளுக்குப் பழக்கம். திட்டாமல் பேசவேண்டிய ஒரு விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதுவும் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு. கதவு திறந்தது. வெயிலில் நாற்காலியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்கள்.

காலையில் டாக்டர் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். “எப்பலேர்ந்து இந்த மாதிரி உக்காருவார்?” என்பது முதல் கேள்வி. அதற்கு அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். இரண்டாவது, “காலைல ஏதாவது சொன்னாரா? நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, ஒரு மாதிரி இருக்கு, அப்படி ஏதாவது?”

“இல்ல” என்றாள் தங்கை.

சொன்னார். டாக்டர் கடைசியாகச் சொன்ன அதே மூன்று வார்த்தையைச் சொன்னார். அதற்கு அவள் பதிலும் சொன்னாள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் பதினொரு வருடம் பின்னால் போகவேண்டும். அண்ணன் ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கையிலிருந்த டார்ச் தவறி நாலு மாடி கீழே விழுந்தது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், பெட்டியின் தலைமேல், கும்மிருட்டில் மூன்று மணி நேரம். அவர் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்துக் கட்டடத்து ஆட்கள் தேடவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “இருட்டுல என் கையே எனக்குத் தெரியல” என்றார். “கொஞ்ச நேரம் போனா கை இருக்கான்னே தெரியல. பயம் மட்டும் இருந்துச்சு. அப்பத்தான் தோணுச்சு, கையும் இல்ல, காலும் இல்ல, அப்ப இந்தப் பயம் யாருக்கு?”

“உனக்குத்தான். வேற யாருக்கு, அஞ்சாவது மாடிக்காரனுக்கா? சாப்பிடு” என்றாள் அவள்.

அவள் அத்தோடு மறந்துவிட்டாள். அண்ணன் மறக்கவில்லை. டிக்கெட் பரிசோதகரை எங்கே பிடித்தாரோ, அடுத்த மாதமே கடைசி அறையைக் காலி செய்து பாய் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார். காலை ஆறிலிருந்து எட்டுவரை. அந்த இரண்டு மணி நேரமும் கதவு சாத்தியிருக்கும். அவள் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவரும் வாயைத் திறக்க மாட்டார். மணிப்பொறி எட்டுக்கு அடிக்கும், அவர் அதை நிறுத்துவார், முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். ஒருமுறை தண்ணீர் மோட்டார் புகைந்தபோது அவள் கதவைத் தட்டினாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வீடு பற்றி எரிந்தாலும் எட்டு அடித்த பிறகுதான் எரியவேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மீதி இருபத்திரண்டு மணி நேரம்தான் ஆளைக் கொன்றது. எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி.

“எனக்குத் தலை வலிக்குது.”

“யாருக்கு வலிக்குதுன்னு பாரு.”

“எனக்குக் கோபம் வருது அண்ணா.”

“யாருக்கு?”

“உன் தங்கச்சிக்கு.”

“தங்கச்சிங்கறது யாரு?”

“உன் சட்டையைத் துவைச்சுப் போடறவ. நாளையிலேர்ந்து போட மாட்டா.”

அதற்கும் சிரிப்பார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்வதில்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே நம் நல்லதுக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்வார். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பெரியவரிடம் தினமும் இதைச் சொல்லிப் புலம்புவாள். “ஒருநாள் அவருக்கு ஏதாவது வலிக்கும்ல, அப்ப நீங்க திருப்பிக் கேளுங்க” என்பார் அவர். ஆனால் அண்ணனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முட்டி வலியையும் இடுப்பு வலியையும் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். முகம் சுருங்கும், அவளாகப் பார்த்து வெந்நீர்ப் பை வைப்பாள். பதினொரு வருடம் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இன்று காலை குழாயைத் திறந்துவிட்டு, அடிப்பிடித்த வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் வரும் பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஆறு ஐம்பது. சாத்திய கதவுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

“சின்னவளே. ஒரு மாதிரி இருக்கு.”

அவளுக்குக் கை நின்றது. முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்து, நன்றாக நீட்டி, அவர் கேட்கும் அதே ராகத்தில் கேட்டாள்.

“யாருக்கு?”

உள்ளிருந்து ‘ஹ்க்’ என்று ஒரு சத்தம். சின்னதாக, ஒரே ஒரு தரம். சிரித்துவிட்டார் என்று நினைத்தாள். இன்றைக்கு மாட்டினார் மனுஷன் என்று நினைத்தாள். வாணலியைத் தேய்த்து முடித்தாள், குளித்தாள், கடைக்குப் போனதும் லென்ஸ் தேய்க்கிற பெரியவரிடம் எப்படி இதைச் சொல்வது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டு மணிக்கு மணிப்பொறி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. “அதை அமத்தித் தொலையேன்” என்று கத்தினாள். பிறகுதான் போய்க் கதவைத் திறந்தாள்.

வண்டியை அனுப்பிவிட்டு அவள் மேலே வந்தபோது வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் யாரும் இல்லை. கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு போய், சுவரில் மோதும்படி அதைத் தள்ளித் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கும்பல் முழுக்க உள்ளே இருந்தது. அண்ணனின் பாயை நடுவில் காலியாக விட்டுச் சுற்றிலும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்தக் கதவை இனிமே யாரும் சாத்தக் கூடாது” என்றாள். “உக்காரணும்னா திறந்து வெச்சு உக்காருங்க. இல்லாட்டி உங்க வீட்ல போய் உக்காருங்க.”

டிக்கெட் பரிசோதகர் நிதானமாகக் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். துக்க வீட்டில் புன்னகை செய்கிறவர்களைப் பிடித்து வெளியே தள்ளினால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

“உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது” என்றார். “ஒண்ணு கேக்கலாமா? சாரோட கடைசி வார்த்தை ஏதாவது உங்க காதுல விழுந்துச்சா? நேத்து ராத்திரி, இல்ல இன்னிக்கு விடிகாலைல. எங்களுக்கு அது பெரிய பொக்கிஷம்.”

நீச்சல் டீச்சர் நோட்டுப் புத்தகத்தைக்கூடத் திறந்துவிட்டாள்.

டாக்டரிடம் சொல்லாததை இவர்களிடம் ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எரிச்சல்தான். பொக்கிஷம் கேட்கிறீர்களா, இந்தாருங்கள் என்று மூஞ்சியில் விட்டெறிவதுபோலச் சொன்னாள். கேட்டுவிட்டு முகம் சுளிப்பார்கள். சீ, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா, கூப்பிட்ட மனுஷனைப் போய்ப் பார்க்கத் தெரியாதா என்று யாராவது ஒருவர் நாலு வார்த்தை கேட்பார்கள். கேட்டால் தேவலை என்று இருந்தது. வாணலி, பல்பொடி விளம்பரம், ராகம் போட்டுக் கேட்டது, ‘ஹ்க்’ என்ற சத்தம், எதையும் விடாமல் சொன்னாள்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். நீச்சல் டீச்சர் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பார்த்தால் துக்க அழுகையாகவும் இல்லை.

“உங்களுக்குத் தெரியாமலே நீங்க பண்ணியிருக்கீங்கம்மா” என்றார் டிக்கெட் பரிசோதகர்.

“என்ன பண்ணியிருக்கேன்?”

“பதினோரு வருஷமா அவர் ஒரு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தார். சரியான நேரத்துல, சரியான கேள்வியைக் கேட்டு, நீங்க உள்ள தள்ளி விட்டிருக்கீங்க.”

“தள்ளி விட்டேன்” என்றாள் அவள்.

“ஆமா. கேட்டதும் சிரிச்சார் பாருங்க, அங்கதான் எல்லாம் முடிஞ்சுது. இது எப்பேர்ப்பட்ட பாக்கியம்.”

“நான் டாக்டரைக் கூப்பிட்டிருக்கணும் சார்.”

அவர் குரலைத் தாழ்த்தி, மிகவும் பரிவாகக் கேட்டார். “கூப்பிட்டிருக்கணும்னு வருத்தப்படறது யாரு?”

அவள் கையில் பாத்திரம் எதுவும் இல்லாமல் போனது அவர் நல்ல நேரம். அவள் நீச்சல் டீச்சரின் பிடியிலிருந்து கைகளை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே நின்றுகொண்டு, மேடையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கூடத்தில் அவர்கள் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. அவள் பேர் அடிபட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு இதை எல்லாருக்கும் சொல்லச் சொல்லவேண்டும் என்றார் யாரோ. ஒரு பாவத்தைப் பண்ணிவிட்டு அதற்கு ஒரு வசைகூடக் கிடைக்காத வீடு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் மகன் வரும்போது மணி மூன்றரை. அவன் ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பத்து வயதில் தாயை இழந்தவன். அப்போது இந்த வீட்டுக்கு வந்தவள்தான் அவள், அண்ணனுக்கு மூன்று மாதம் ஒத்தாசையாக இருக்கலாம் என்று. மூன்று மாதம் இருபத்தொரு வருடமாகிவிட்டது. அவன் நேராகப் பிணவறைக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தாள். அவன் கிட்டே வருவதற்குள் டிக்கெட் பரிசோதகர் குறுக்கே வந்து, தோளில் கைபோட்டு அவனை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“ரொம்ப நன்றி சார்” என்றான் கடைசியில். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. எல்லாரும் நேரா மயானத்துக்கே வந்துடுங்க.”

“நாங்க வேணா இங்கயே இருந்து...”

“வேண்டாம் சார். அத்தை ஓய்வெடுக்கணும்.”

செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவன் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள். அவன் சாப்பிடவில்லை.

“கால் நீண்டுடுச்சு அத்தை” என்றான். “நான் பாக்கும்போது படுத்துத்தான் இருந்தார்.”

“நல்லதாப் போச்சு.”

“அப்பா கூப்பிட்டது எத்தனை மணிக்கு?”

“ஆறு அம்பது.”

“நீங்க கதவைத் திறந்தது?”

“எட்டு அஞ்சு இருக்கும்.”

“ஒண்ணே கால் மணி நேரம்” என்றான். கணக்குப் போட்டுவிட்டோமே என்று அவனுக்கே சங்கடமாக இருந்திருக்கும், தட்டின் விளிம்பை விரலால் தேய்த்தான். “அத்தை, ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள அப்பா பேசவே மாட்டாரே.”

“மாட்டார்.”

“ஒரு தடவைகூடப் பேசினதில்லையே. நான் லீவுக்கு வந்தப்ப தேள் வந்துச்சு, அதுக்குக்கூட எட்டு அடிச்ச பிறகுதானே சொன்னார். இன்னிக்குப் பேசறாரேன்னு உங்களுக்குத் தோணலையா?”

இதைத்தான் காலையிலிருந்து யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். கேட்ட பிறகு உட்காரவேண்டும்போல் இருந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“தோணலடா” என்றாள். “எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. கிடைச்சார்டான்னு இருந்துச்சு. மத்த எதுவும் தோணல.”

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள். கீழ்வீட்டில் யாரோ எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“கேட்டதும் அப்பா சிரிச்சாருன்னு அந்த சார் சொல்றாரே” என்றான்.

“ஒரு சத்தம் வந்துச்சு. நான் சிரிப்புன்னு நெனச்சேன்.”

“சிரிப்புதானா?”

“அதான் தெரியல. காலைலேர்ந்து அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாக்கறேன். ஒரு தடவை சிரிப்பு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை வேற மாதிரி இருக்கு.” அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “சிரிச்சிருந்தா சரி. திட்டிக்கிட்டோம், சிரிச்சோம், போயிட்டார். இருபத்தொரு வருஷமா அப்படித்தானே இருந்தோம். ஆனா அது மூச்சு முட்டின சத்தமா இருந்தா, உள்ள அவர் தவிச்சிருக்கார், நான் இங்க இளிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.”

அவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். தொடவில்லை.

“உன் குரல் அவர் குரல்தானே” என்றாள் அவள் திடீரென்று. “போன்ல எனக்கே வித்தியாசம் தெரியாது.”

“அதுக்கென்ன அத்தை?”

“நீ உள்ள போ. கதவைச் சாத்திக்கிட்டு அவர் இடத்துல உக்காரு. ஒரு தடவை சிரி, சின்னதா. அப்புறம் ஒரு தடவை மூச்சு முட்டற மாதிரி பண்ணு. எதை முதல்ல பண்றேன்னு என்கிட்ட சொல்லாத. நான் இங்க குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நிக்கறேன்.”

“அத்தை.”

“கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்.”

“தெரியாது அத்தை. இதை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. நான் சிரிக்கறது அப்பா சிரிப்பு ஆகாது.”

“உன்கிட்ட நிரூபணம் யார் கேட்டா? பதினோரு வருஷமா ஒருத்தர் விடை இல்லாத கேள்வியா என்கிட்ட கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அதுக்கும் விடை கிடையாதுன்னு சொல்லாத. போடா.”

அவள் இதுவரை அவனிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சவில்லை, அதட்டினாள். ஆனால் அவள் கண்களைப் பார்த்துவிட்டு அவன் மேற்கொண்டு வாதாடவில்லை. கூடத்தைத் தாண்டி நடந்தான். கடைசி அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் குழாயைத் திறந்தாள். காலையில் திறந்த அளவு எவ்வளவு என்று யோசித்து, இன்னும் கொஞ்சம் திருகினாள். வாணலியை எடுத்தாள். அது சுத்தமாக இருந்தது. இருந்தாலும் தொட்டிக்குள் வைத்து நாரைக் கையில் எடுத்துக்கொண்டு, காலையில் நின்ற மாதிரியே கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தண்ணீர் வாணலியில் விழுந்து தெறித்தது. ரேடியோ இல்லை, அது ஒன்றுதான் குறை.

காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் எப்படிச் சிரிப்பது என்று தவித்துக்கொண்டிருப்பான். அப்பா செத்த அன்றைக்கு அப்பாவின் பாயில் உட்கார்ந்து சிரி என்றால் எவனால் முடியும்? பாவம், பிள்ளையைப் போய் என்ன வேலை வாங்குகிறேன் என்று நினைத்தாள். இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாரைப் பிடித்திருந்த கையை அசைக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஏதோ கேட்டது.

சிரிப்பா என்று அவள் பார்க்கவில்லை. நார் எங்கே விழுந்தது என்று தெரியாது. கூடத்தில் அவன் வைத்திருந்த பை காலில் தடுக்கியது. கதவுப்பிடியில் ஈரக்கை வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துத் திருகித் திறந்தாள்.

அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். திடுக்கிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் இன்னும் ஒண்ணுமே பண்ணல அத்தை” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கியது. கதவுப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் வழிந்து முழங்கை வழியாகத் தரையில் சொட்டியது.

“மறுபடி சாத்தட்டுமா?” என்று கேட்டான்.

அவள் கதவைச் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்து வைத்தாள். அவன் அவளுக்கு இடம் விட்டுப் பாயில் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான். சமையலறையில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தப் போகவில்லை.